அமாவாசை, பி.எஸ்ஸி.

அரியலூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக ஐந்து ஓட்டு வீடுகள் இருந்தன. நான்காவது வீட்டில் அமாவாசை குடியிருந்தான். சுண்ணாம்புக்கல் மைன்ஸிலிருந்து சிமென்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப்போகும் டிப்பர் லாரிக்கு டிரைவர். அமாவாசையன்று பிறந்ததால் அந்தப் பெயர். அதற்கு மேல் யோசித்துப் பெயர் வைக்க அவனுடைய அப்பாவுக்கு நேரமில்லை. அடுத்தவர் வயலில் அன்றைக்கு நடவு. அமாவாசை ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் லோடோடு நிற்கும் டிப்பரைக் குழியின் விளிம்பு வரைக்கும் கண்ணாடியை மட்டும் பார்த்துப் பின்னால் எடுத்துவிடுவான்.

அப்படிப்பட்டவன்தான் 2003 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அச்சடித்த ஒரு தாளுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு தலையைச் சொறிந்தான். மெட்ரிகுலேஷன் பள்ளியின் எல்.கே.ஜி. விண்ணப்பம் அது. மகள் சுகன்யாவுக்கு மூன்றரை வயது. அவளை அந்தப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது மனைவி பொன்னுத்தாயின் ஆசை. அவள் பன்னிரண்டாவதில் இங்கிலீஷில் மட்டும் தோற்றுப்போனவள். அந்த ஒரு பாடத்தின் மேல் அவளுக்குத் தீராத கோபம் இருந்தது.

"மாவட்டம்னு ஒரு கட்டம் இருக்குங்க. என்ன எழுதறது?" என்றாள்.

"அரியலூருன்னு எழுது."

"அதான் போன வருசமே எடுத்துட்டாங்களே."

"அப்ப பெரம்பலூருன்னு எழுது."

"பாப்பா பொறந்தப்ப?"

அமாவாசை விரல் விட்டு யோசித்தான். "நான் பொறந்தப்ப திருச்சி. பாப்பா பொறந்தப்ப பெரம்பலூரு. நடுவுல அரியலூரு. இப்ப மறுபடியும் பெரம்பலூரு. வூடு மட்டும் ஒரே எடத்துலதான் இருக்கு."

பொன்னுத்தாய் பெரம்பலூர் என்று எழுதினாள். பேனா அடுத்த கட்டத்துக்குப் போய் நின்றது. தகப்பனாரின் கல்வித் தகுதி.

"அஞ்சாங்கிளாஸ்னு எழுதேன். அதுல என்ன?" என்றான் அவன்.

அவள் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுத் தாளின் கடைசியில் இருந்த இங்கிலீஷ் வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். மே ஐந்தாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பெற்றோர் இருவரும் குழந்தையோடு இன்டர்வியூவுக்கு வர வேண்டும்.

"இன்டர்வியூன்னா வேலைக்கில்ல வைப்பாங்க? மூணு வயசுப் புள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்டான் அமாவாசை. அவளுக்கும் தெரியவில்லை. யாரைக் கேட்டால் தெரியும் என்பதும் தெரியவில்லை. அன்றிலிருந்து மூன்று வாரமும் அவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்.

முதலில் ராசாங்கத்தைக் கேட்டான். ராசாங்கம் இன்னொரு டிப்பரின் டிரைவர். அவனுடைய மூத்தவன் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. மைன்ஸில் லோடுக்கு வரிசையில் நிற்கும்போது, வெள்ளைத் தூசி படிந்த புருவத்தைத் துடைத்துக்கொண்டே அவன் விஷயத்தைச் சொன்னான்.

"புள்ளைகிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அம்மாகிட்டதான் கேப்பாங்க. காலையில புள்ளைக்கு என்ன டிபன் குடுப்பீங்கன்னு. இட்லின்னு மட்டும் சொல்லிடக் கூடாது. நூடுல்ஸுன்னு சொல்லணும்."

"உங்க வூட்டுல என்ன சொன்னாங்க?"

"இட்லின்னுதான் சொல்லித் தொலைச்சா."

"ஆனா சீட்டு கெடச்சுதுல்ல?"

"கெடச்சுது," என்றான் ராசாங்கம். "எப்படிக் கெடச்சுதுன்னுதான் தெரியல."

அந்த வாரம் குழந்தைக்கு ஷூ வாங்கப் போனார்கள். கடைக்காரர் ஜபருல்லா பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். சுகன்யாவின் காலை முழங்காலில் வைத்துப் பக்கிள் மாட்டிக்கொண்டே பேசினார்.

"அந்தப் பள்ளிக்கூடமா? என் பேரன்கிட்ட ஒத்த கேள்வி கேக்கலம்மா. ஒரு சாக்லேட்டக் குடுத்தாங்க. புள்ள தோல உரிச்சு எங்க போடுறான்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. எந்திரிச்சுப் போயி குப்பைக் கூடையில போட்டான் பாருங்க, அல்ஹம்துலில்லா, முடிஞ்சுபோச்சு."

அன்று சாயங்காலம் பொன்னுத்தாய் ஒரு பாக்கெட் சாக்லேட் வாங்கினாள். அடுப்படி மூலையில் பழைய பெயின்ட் டப்பா ஒன்றைக் குப்பைக் கூடையாக வைத்தாள். சுகன்யா சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டு காகிதத்தை அம்மாவின் கையில் கொடுத்தாள். "டப்பால போடுடா தங்கம்." போட்டாள். இன்னொன்று. மறுபடியும் அம்மாவின் கையில். நான்கு நாளில் அவளுக்குப் பழகிவிட்டது. சாக்லேட்டை டப்பாவில் போட்டுவிட்டுக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளும் ஒரு புது வழக்கமும் வந்துசேர்ந்தது. ஐந்தாம் நாள் வயிற்றுவலி வந்து சாக்லேட் நின்றது.

பொன்னுத்தாயின் தம்பி அரவிந்தன்தான் கமலவேணி டீச்சரைக் கண்டுபிடித்துச் சொன்னான். அரவிந்தன் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டுப் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தான். கமலவேணி டீச்சர் அங்கேயே வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, எல்.கே.ஜி. இன்டர்வியூவுக்குப் போகும் குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சொல்லிக்கொடுத்தார். அரியலூரிலிருந்து காலை பஸ் பிடித்து அப்பா, அம்மா, குழந்தை மூன்று பேரும் போனார்கள். கொட்டகையில் பதினோரு குழந்தைகள். வெளியே வேப்பமர நிழலில் பதினோரு அப்பாக்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

டீச்சர் ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார். நாற்பது கேள்விகள், நாற்பது பதில்கள். சுகன்யா முதல் கேள்வியை ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். "வாட் இஸ் யுவர் நேம்?" என்றால், "மை நேம் இஸ் சுகன்யா." சத்தமாக, மூச்சுவிடாமல். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் அதே மூச்சில்தான் ஆரம்பித்தாள். இது என்ன கலர்? மை நேம் இஸ் ரெட். பசு என்ன தரும்? மை நேம் இஸ் மில்க். டீச்சர் சிரிக்கவில்லை. "பழகிடும்," என்றார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது டீச்சர் பொன்னுத்தாயை ஓரமாகக் கூப்பிட்டார்.

"வீட்டுல யாரு டிகிரி?"

"எந் தம்பி பி.எஸ்ஸி. டீச்சர். நாங்க ரெண்டு பேரும்…"

"இங்கிலீஷ்ல ஏதாச்சும் கேட்டா பதில் சொல்ல ஆள் வேணும்ல. தம்பிய இன்டர்வியூவுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவ்வளவுதான் டீச்சர் சொன்னது. அடுத்த குழந்தையின் அம்மா வந்துவிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பொன்னுத்தாய் குழந்தையை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். குன்னம் தாண்டிய பிறகு சொன்னாள்.

"அரவிந்தனக் கூட்டிட்டுப் போகலாங்க."

"கூட்டிட்டுப் போவோம். நாம மூணு பேரு, அவன் ஒருத்தன்."

"மூணு பேரத்தான் உள்ள விடுவாங்களாம். அப்பா, அம்மா, புள்ள."

"அப்ப அவன் எப்படி வருவான்?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அப்பாவா," என்றாள்.

அமாவாசைக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. "டீச்சர் அப்படியா சொன்னாங்க?"

"அப்படியே சொல்லுவாங்களா? நாமதான் புரிஞ்சுக்கணும்."

கோபம் வர வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. வரவில்லை. வெட்கம் வந்ததா என்றால் அதுவுமில்லை. என்ன வந்தது என்று அவனுக்கே பிடிபடவில்லை. ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கும் மகளைப் பார்த்தான். தாளில் இருக்கும் நாற்பது கேள்விகளில் ஒன்றுகூட அவனால் வாசிக்க முடியாது. உள்ளே போய் உட்கார்ந்து அவன் வாயைத் திறந்தால், அதனாலேயே குழந்தைக்கு இடம் இல்லாமல் போய்விட்டால்? "செரி," என்றான். பஸ் சத்தத்தில் அவளுக்கு அது கேட்டதா என்றுகூட அவன் பார்க்கவில்லை.

அரவிந்தன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "மாமா, எனக்கு ஒருமாதிரி இருக்கு மாமா. எனக்குக் கல்யாணமே ஆகல."

"அத உன் அக்காகிட்ட சொல்லு மாப்ள."

"அக்கா சொன்னாக் கேக்குற ஆளா? சரி, பேரு கேட்டா என்ன சொல்றது? பாப்பாவோட பர்த் சர்ட்டிபிகேட்டுல உங்க பேருல்ல இருக்கு?"

இதை யாருமே யோசித்திருக்கவில்லை. மூன்று பேரும் சர்ட்டிபிகேட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடைசியில் பொன்னுத்தாய்தான் முடிவு சொன்னாள். அரவிந்தன் அன்றைக்கு ஒருநாள் அமாவாசை. விண்ணப்பத்தில் காலியாக இருந்த கட்டங்களை அரவிந்தனே நிரப்பினான். தகப்பனார் பெயர்: அமாவாசை. கல்வித் தகுதி: பி.எஸ்ஸி.

அமாவாசை அந்த இரண்டு வரிகளையும் எழுத்துக் கூட்டிப் படித்தான். தன் பெயருக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பது அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது என்று சொல்லலாம். யாரோ இன்னொரு அமாவாசை, காலேஜுக்கெல்லாம் போய்விட்டு வந்து தன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்பது போல.

அடுத்து குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

"ஸ்கூல்ல அரவிந்தன் மாமாவ அப்பான்னு கூப்புடணும், என்ன?" என்றாள் பொன்னுத்தாய்.

"அப்ப அப்பாவ?"

"அப்பாவ மாமான்னு கூப்புடு."

சுகன்யாவுக்கு இது புது விளையாட்டு. குதித்துக் குதித்துக் கூப்பிட்டாள். அமாவாசை வேலை முடிந்து தூசியும் வியர்வையுமாக வாசலுக்கு வந்தால், "மாமா வந்துட்டாங்க!" என்று உள்ளே ஓடினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பொன்னுத்தாய், "வூட்டுல வேணாம்டி, ஸ்கூல்ல மட்டுந்தான்," என்றாள். வீடு எது, பள்ளிக்கூடம் எது என்பதுதான் சுகன்யாவுக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தை அவள் இன்னும் பார்த்ததேயில்லை. நாலைந்து நாளில் விளையாட்டு சலித்துவிட்டது. அதன் பிறகு அவள் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

மே ஐந்தாம் தேதி. அமாவாசை லீவு போட்டிருந்தான். ராசாங்கத்தின் டி.வி.எஸ். ஐம்பதை இரவல் வாங்கி மனைவியையும் மகளையும் பள்ளிக்கூட வாசலில் இறக்கினான். அரவிந்தன் முன்பே பெரம்பலூர் பஸ்ஸில் வந்து காத்திருந்தான். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், பளபளவென்ற பெல்ட். அமாவாசையின் கல்யாணத்துக்கு எடுத்த கைக்கடிகாரம் அன்று அரவிந்தனின் கையில் இருந்தது. மூன்று பேரும் கேட்டைத் தாண்டி உள்ளே போவதை அமாவாசை பார்த்துக்கொண்டு நின்றான். பின்னாலிருந்து பார்க்கச் சரியான ஒரு குடும்பம்தான்.

கேட் வாட்ச்மேன் பெயர் ஆண்டவர். "வண்டிய அந்தப் பக்கம் போட்டுட்டு நெழல்ல நில்லுங்க. இன்னைக்குக் கூட்டம், லேட்டாவும்," என்றார்.

பதினோரு மணி ஆயிற்று. வராந்தாவில் பெஞ்சுகளில் வரிசையாகக் குடும்பங்கள். ஒரு குழந்தை அழுதது. அதைப் பார்த்து இன்னொன்று அழுதது. அமாவாசை கம்பிக்கேட்டைப் பிடித்துக்கொண்டு சுகன்யாவின் சிவப்பு ரிப்பனைத் தேடினான். அரவிந்தன் ஒரு காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடினான். "சர்ட்டிபிகேட்டு ஜெராக்ஸ் கேக்கறாங்க மாமா," என்று போகிற போக்கில் சொன்னான். கடை தெருமுனையில் இருந்தது.

அவன் போய் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பியூன் வராந்தாவுக்கு வந்து கத்தினார்.

"சுகன்யா அப்பா! சுகன்யா அப்பா யாரு? உள்ள வாங்க!"

அமாவாசை கேட்டைத் தள்ளினான். கால் தானாகப் போய்விட்டது. நாலைந்து எட்டு வைத்த பிறகுதான், கூப்பிட்டது தன்னையா என்ற சந்தேகம் வந்தது. நின்றான். வராந்தாவில் பொன்னுத்தாய் எழுந்து நின்றிருந்தாள். அவனைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகளின் கையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அமாவாசை! சுகன்யா அப்பா அமாவாசை யாருங்க?" என்றார் பியூன் மறுபடியும்.

"நாந்தாங்க," என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவனுக்குப் பின்னாலிருந்து, "வந்துட்டேன் சார், நான்தான்!" என்று அரவிந்தன் மூச்சிரைக்க ஓடிவந்தான். அமாவாசையின் தோளில் இடித்துக்கொண்டே போய் வராந்தாவில் ஏறினான். மூன்று பேரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது.

வாட்ச்மேன் ஆண்டவர் அவன் பக்கத்தில் வந்து நின்றார். "நீங்க யாருங்க?"

"நானுங்களா?" அமாவாசை யோசித்தான். "புள்ளைக்கு மாமா."

வீட்டுக்கு வந்ததும் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்ன கேட்டாங்க? பாப்பா என்ன சொல்லிச்சு?"

"அப்பா யாருன்னு கேட்டாங்க. டக்குனு அரவிந்தனக் கையக் காட்டுச்சு," என்றாள் பொன்னுத்தாய். அவள் முகத்தில் வெற்றி தெரிந்தது.

"இல்லக்கா. அது என்னயக் காட்டல. எனக்குப் பின்னாடி ஜன்னலக் காட்டுச்சு," என்றான் அரவிந்தன். "ஜன்னல் வழியா மாமா நின்ன கேட்டு தெரியும்."

"உன்னத்தான்டா காட்டுச்சு."

"வாயே தொறக்கல மாமா. ஒத்த வார்த்தை பேசல. அக்காகிட்ட மட்டும் டிபன் என்ன குடுப்பீங்கன்னு கேட்டாங்க."

"நூடுல்ஸுன்னு சொன்னேன்," என்றாள் பொன்னுத்தாய். "அந்த மேடம் ஏன் இட்லி குடுக்க மாட்டீங்களான்னுட்டாங்க."

அமாவாசை மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். "நீ சொல்லு தங்கம். உள்ள என்ன ஆச்சு?"

"மீனு இருந்துச்சு," என்றாள் சுகன்யா. கண்ணாடித் தொட்டி போலிருக்கிறது. அதற்கு மேல் அவளிடமிருந்து எதுவும் வரவில்லை.

பத்து நாள் கழித்து போர்டில் பெயர் போட்டார்கள். 'சுகன்யா அ.' அரவிந்தனுக்கும் அ, அமாவாசைக்கும் அ. பொன்னுத்தாய் அங்கேயே நின்று அழுதாள். அமாவாசைக்கும் மனது நிறைந்துதான் இருந்தது. ஆனால் அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தபடி நின்றான்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. ஒருநாள் கூத்து என்று நினைத்தது ஒருநாளோடு முடியவில்லை. தினமும் குழந்தையைக் கொண்டுபோய் விட்டு, கூட்டி வர வேண்டும். அரவிந்தன் பெரம்பலூரில். "நீங்க யாரு?" என்று கேட்டால், "மாமாங்க," என்றான் அமாவாசை. கேட்டுக்கு உள்ளே சுகன்யா அவனை மாமா என்றாள். தெருமுனை திரும்பியதும் அப்பா என்றாள். சில நாள் முனை வருவதற்குள் மறந்துவிடுவாள். சில நாள் வீட்டுக்கு வந்தும் மாமாவாகவே இருப்பான். பெற்றோர் கூட்டம் என்று சீட்டு வந்தால் பொன்னுத்தாய் மட்டும் போனாள். "வீட்டுக்காரர் வெளியூர்," என்றாள். ஆண்டுவிழாவில் சுகன்யா தலையில் காகிதப் பூ வைத்து ஆடினாள். அமாவாசை கடைசி வரிசையில், வேன், ஆட்டோ டிரைவர்களோடு நின்று பார்த்தான். கை தட்டும்போது எவ்வளவு தட்டலாம், ஒரு மாமா எவ்வளவு தட்டுவார் என்று ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை வந்ததே அவனுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. அரவிந்தன் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

2005 ஜூலையில் ஒரு சாயங்காலம். சுகன்யா அப்போது ஒன்றாம் வகுப்பு. கூட்டிப்போக வந்த அமாவாசையை வாட்ச்மேன் ஆண்டவர் கைகாட்டி நிறுத்தினார். "கரஸ்பாண்டன்ட் உங்களக் கூப்புடுறாரு. வேன் டிரைவர் வேலைய விட்டு நின்னுட்டான். நான்தான் உங்களப் பத்திச் சொன்னேன். போங்க."

ஒன்றும் யோசிக்க நேரமில்லை. கரஸ்பாண்டன்ட் கொளஞ்சியப்பன் அறுபது வயதைத் தாண்டியவர். பள்ளி தொடங்குவதற்கு முன்னால் நெல் அரவை மில் வைத்திருந்தவர். மேசைக்கு முன்னால் அமாவாசை நின்றான்.

"சுகன்யா மாமாவா? டிப்பர் ஓட்டுறியாமே. ஹெவி லைசென்ஸ் இருக்கா? எடு பாப்போம்."

லைசென்ஸை எடு என்று யாராவது சொன்னால் எடுத்து நீட்டிவிடுவது டிரைவர்களின் பழக்கம். அமாவாசையும் நீட்டிவிட்டான். நீட்டிய பிறகுதான் அதில் தன் பெயர் இருப்பது நினைவுக்கு வந்தது.

கொளஞ்சியப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "அமாவாசை." நிமிர்ந்தார். "சுமதி, அந்தப் புள்ளையோட அப்பா பேரு என்னம்மா?"

ஆபீஸ் கிளார்க் சுமதி பெரிய ரிஜிஸ்டரைத் திறந்தாள். "அமாவாசை, பி.எஸ்ஸி. சார்."

"மாமன் பேரும் அமாவாசை, அப்பன் பேரும் அமாவாசையா?"

அமாவாசை சொல்லிவிட்டான். முன்னுக்குப் பின்னாக, விட்டு விட்டு, எல்லாவற்றையும் சொன்னான். கமலவேணி டீச்சர், சர்ட்டிபிகேட், அரவிந்தனின் பெல்ட், கைக்கடிகாரம்.

"டிகிரி இருக்கணும்னு நாம எங்கயாவது சொன்னமா?" என்று கொளஞ்சியப்பன் சுமதியைக் கேட்டார்.

"இல்ல சார். அப்ளிகேஷன்ல கட்டம் இருக்கு."

"அது எதுக்கு இருக்கு?"

"தெரியல சார். நான் வர்றதுக்கு முன்னாடியே அச்சடிச்சது."

"அப்ப அந்த வருசம் எத வச்சு செலக்சன் பண்ணோம்?"

சுமதி இன்னொரு ரிஜிஸ்டரைப் புரட்டினாள். "அந்த வருசம் நாப்பது சீட்டு சார். முப்பத்தாறு அப்ளிகேஷன்தான் வந்துச்சு. எல்லாரையும் சேத்துக்கிட்டோம்."

அமாவாசை மனதுக்குள் கணக்குப் போட்டான். நாற்பதுக்கு முப்பத்தாறு. நான்கு இடம் காலி. அந்த நான்கு இடங்களும் அவன் கண்முன் பெஞ்சு பெஞ்சாகத் தெரிந்தன. சாக்லேட்டும், நாற்பது கேள்விகளும், பெரம்பலூருக்குப் போய்வந்த பஸ்களும், இந்த இரண்டு வருட மாமாவும் எதற்கு? சிரிப்பதா, அழுவதா, யாரையாவது திட்டுவதா? திட்டுவதென்றால் யாரை? டீச்சர் பொய் சொல்லவில்லை. ராசாங்கம் தெரியாது என்றுதான் சொன்னான். பள்ளிக்கூடம் எதையுமே கேட்கவில்லை.

"பொய் சொல்லிச் சேத்திருக்க. அது தப்பு," என்றார் கொளஞ்சியப்பன். "உண்மையச் சொல்லியிருந்தாலும் சேத்திருப்போம். இப்ப உன்ன நான் வெரட்டுறதா, வேலைக்கு எடுக்கறதா, ஒண்ணும் புரியல. நீயே சொல்லு, என்ன பண்ணட்டும்?"

"தெரியலிங்க ஐயா."

"போ. காலையில வா."

வீட்டுக்கு வந்து சொன்னபோது பொன்னுத்தாய் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே கேட்டாள். முப்பத்தாறு என்றதும் நிமிர்ந்தாள். "எல்லாரையுமா?" என்றாள். "எல்லாரையுந்தான்." அரிசிப் பாத்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "நாந்தாங்க உங்களக் கெடுத்துட்டேன்," என்றாள். "நானுந்தான் செரின்னு சொன்னேன்," என்றான் அவன்.

காலையில் போனான். கொளஞ்சியப்பன் வேன் சாவியைக் கொடுத்து, ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவரச் சொன்னார். தானே பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ரயில்வே கேட், பஸ் ஸ்டாண்டு, சந்தைத் தெரு. திரும்பி வந்ததும், "திங்கக்கெழம வந்துடு," என்றார். ரிஜிஸ்டரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அமாவாசை மகளிடம், "இனிமே ஸ்கூல்லயும் என்ன அப்பான்னு கூப்புடலாம்," என்றான். சுகன்யா சரி என்று தலையாட்டினாள். மறுநாள் வகுப்பில் பக்கத்தில் இருந்தவளிடம், "எங்க மாமா இப்ப எங்களுக்கு அப்பாவா ஆயிட்டாங்க," என்று சொல்லியிருக்கிறாள். அது வகுப்பு மிஸ் காதுக்குப் போயிற்று. மிஸ் பொன்னுத்தாயைத் தனியாகக் கூப்பிட்டு, தணிந்த குரலில், "வீட்டுல எல்லாம் நல்லா இருக்கீங்களாம்மா?" என்று விசாரித்தார். பொன்னுத்தாய்க்கு எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது என்றே தெரியவில்லை. "நல்லா இருக்கோம் மிஸ்," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்து வந்துவிட்டாள். அந்தப் பேச்சு அடங்க அரையாண்டுப் பரீட்சை ஆயிற்று.

அமாவாசை வேனில் நிலைத்துவிட்டான். டிப்பரில் வந்த இருமல் மெல்ல நின்றது. முப்பது பிள்ளைகள், பதினெட்டு நிறுத்தங்கள். எந்தப் பிள்ளை எந்தச் சந்திலிருந்து ஓடிவரும் என்று அவனுக்கு மனப்பாடம். சுகன்யா டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்காருவாள்.

2007இல் ஒரு பிற்பகல். அவள் அப்போது மூன்றாம் வகுப்பு. மற்ற பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு, வேனை நிறுத்தப் போகிற வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அமாவாசை எஞ்சினை அணைத்தான். வெகுநாளாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட வேண்டும் என்று அப்போது ஏனோ தோன்றியது.

"ஏம்மா, உன்ன ஸ்கூல்ல சேக்கறப்ப இன்டர்வியூல அப்பா யாருன்னு கேட்டாங்கல்ல. நீ யாரக் காட்டுன?"

சுகன்யா கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "எந்த இன்டர்வியூ?"

"எல்.கே.ஜி. சேக்கறப்ப. அரவிந்தன் மாமாகூட வந்தாங்களே. மீனெல்லாம் இருந்துச்சுன்னு சொன்னியே."

அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிஜமாகவே யோசித்தாள். "எனக்கு ஞாபகம் இல்லப்பா," என்றாள். பிறகு, "ஏம்ப்பா, நீ அங்க இல்லையா?" என்று கேட்டாள்.

"இருந்தேன்," என்றான் அமாவாசை. "வெளியில."

கூட்ஸின் கடைசிப் பெட்டி கடந்து போயிற்று. கேட் மேலே ஏறத் தொடங்கியது. பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. அவன் சாவியைத் திருப்பினான்.